வெயிலூரில் ஒரு வீட்டு ரொட்டி

(திருத்தங்கலில் நடந்த வாசகர் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நம் பக்கத்தில் ரொட்டி என்றால் முதலில் நினைவுக்கு வருவது காய்ச்சல்தான். உடம்பு சரியில்லாதவரைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போகிறவர் கையில் ஒரு ரொட்டிப் பாக்கெட்டும் நாலு ஆரஞ்சுப் பழமும் இருக்கும். பாலில் தோய்த்துக் கொடுப்போம். காய்ச்சல் விட்டதும் ரொட்டியையும் மறந்துவிடுவோம். டீக்கடையில் பன் உண்டு, பொறை உண்டு, ரஸ்க் உண்டு. பேக்கரியில் தேங்காய் பன்னும் கிரீம் பன்னும் கண்ணாடிப் பெட்டிக்குள் அடுக்கியிருக்கும். எல்லாம் கடைச் சரக்கு. வீட்டில் இட்லிக்கு அரைக்கிறோம், முறுக்குப் பிழிகிறோம், அதிரசத்துக்குப் பாகு காய்ச்சுகிறோம். இத்தனை கைவேலை தெரிந்த வீடுகளில் ரொட்டியை மட்டும் சுட்டுப் பார்ப்பவர்கள் மிகக் குறைவு.

சுட்டுப் பார்த்தவர்களிலும் பலர் ஒரு தடவையோடு விட்டுவிட்டார்கள். விசாரித்தால் எல்லோரும் ஏறக்குறைய ஒன்றையேதான் சொல்கிறார்கள். மாவு மளமளவென்று பொங்கியது. அடுப்புக்குள் போனதும் அமுங்கிவிட்டது. கள் வாடை அடித்தது. ஆறியபின் கல்லாக இறுகிவிட்டது. அவர்கள் கையில் குற்றம் இல்லை. அவர்கள் பின்பற்றிய குறிப்பு குளிர்நாட்டுக்காரர் எழுதியது. வெதுவெதுப்பான தண்ணீர் விட்டுப் பிசையுங்கள், வெதுவெதுப்பான இடத்தில் மூடி வையுங்கள் என்று அதில் இருக்கும். அந்த ஊர்ச் சமையலறை 18, 20 டிகிரியில் இருப்பது. அவர்களுக்கு அது சரி. சித்திரை மாதத்து மத்தியானத்தில் இங்கே பாதரசம் 38, 39 என்று நிற்கிறது. வெதுவெதுப்பான இடத்தை நாம் தேட வேண்டியதில்லை. குளிர்ச்சியான இடத்தைத்தான் தேட வேண்டும்.

இன்றைக்கு நான் சொல்ல வந்தது இந்த ஒன்றுதான். நம் ஊரில் ரொட்டி சுடுகிறவர் சூடு கூட்டுவதை விட்டுவிட்டு, சூட்டைத் தணித்து, மாவுக்கு நேரம் வாங்கித்தர வேண்டும். அதை எப்படிச் செய்வது, ஏன் செய்ய வேண்டும் என்பதைச் சொல்கிறேன்.

ஈஸ்ட் ஓர் உயிர். கடையில் பொட்டலத்தில் பழுப்பு நிறத் தூளாக இருக்கிறதே, அது உறங்கிக்கொண்டிருக்கிற உயிர். தண்ணீர் பட்டதும் எழுந்து சர்க்கரையைத் தின்னும், கரியமில வாயுவையும் கொஞ்சம் சாராயத்தையும் விடும். 1680ஆம் ஆண்டிலேயே ஹாலந்துக்காரர் லேவன்ஹூக் தன் கண்ணாடிச் சில்லு வழியாக ஈஸ்ட் உருண்டைகளைப் பார்த்துவிட்டார். ஆனால் புளிக்க வைப்பது உயிருள்ள பொருள்தான் என்று 1850களின் இறுதியில் பிரான்சில் லூயி பாஸ்டர் நிறுவிக் காட்டும் வரை அறிஞர்களிடையே அது பெரிய வாக்குவாதமாகவே இருந்தது. கட்டியாக்கிய ஈஸ்ட்டை அமெரிக்காவில் ஃபிளெய்ஷ்மன் சகோதரர்கள் 1868இல் விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். நாம் இப்போது வாங்குகிற, நேராக மாவில் கலக்கும் இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 1970களில்தான் வந்தது.

அதற்கு முன்னால் ரொட்டி எப்படி உப்பியது? கோவாவில் போர்ச்சுகீசியர் காலத்து ரொட்டிக்காரர்கள் தென்னங்கள்ளை விட்டு மாவு புளிக்க வைத்தார்கள். அது நமக்குப் புதிய சேதி இல்லை. கள் விட்டுப் புளிக்கவைத்த ஆப்ப மாவை நம் பாட்டிமார் அறிவார்கள். பனை நிறைந்த சீமை இது. கலயத்தில் இறங்கிய பதநீர் சுண்ணாம்பு தடவாவிட்டால் சில மணி நேரத்தில் நுரைத்துக் கள்ளாகிறதே, அந்த நுரைக்குக் காரணமும் இந்த ஈஸ்ட் குடும்பம்தான்.

இட்லி மாவு வேறு கதை. அங்கே பெரும்பகுதி வேலையைச் செய்வது பாக்டீரியா. உளுந்தின் கொழகொழப்பு அந்த வாயுவைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. ரொட்டியில் வாயுவை உண்டாக்குவது ஈஸ்ட், பிடித்து வைப்பது கோதுமையின் பசை. ஆனால் இரண்டுக்கும் தேவையான கண்ணும் மூக்கும் ஒன்றே. பாத்திரத்தைத் திறந்து பார்த்ததுமே "இன்னும் பொங்கலை", "போதும், எடுத்து உள்ளே வை", "புளிச்சுப்போச்சு" என்று சொல்லத் தெரிந்த எந்த அம்மாவுக்கும் ரொட்டி மாவைப் பார்க்கத் தெரியும். கடிகாரம் பார்த்து ரொட்டி சுட வேண்டாம். மாவைப் பார்த்துச் சுடுங்கள்.

இனி அளவு. ஒரு ரொட்டிக்கு 400 கிராம் மைதா, 260 மில்லி தண்ணீர், 8 கிராம் உப்பு, 15 கிராம் சர்க்கரை, 15 கிராம் எண்ணெய். ஈஸ்ட் மார்கழி, தை மாதங்களில் 4 கிராம். சித்திரை, வைகாசியில் 2 கிராம் போதும். பேக்கரிக்காரர்கள் மாவை நூறு என்று வைத்துக்கொண்டு மற்றதெல்லாம் அதில் எத்தனை பங்கு என்று கணக்கிடுவார்கள். தண்ணீர் 65, உப்பு 2, ஈஸ்ட் அரையிலிருந்து ஒன்று. இந்த விகிதம் மனதில் நின்றுவிட்டால் ஒரு கிலோவுக்கும் நீங்களே அளவு போடலாம், ஒரு கல்யாண வீட்டுக்கும் போடலாம்.

தயவுசெய்து நிறுத்துப் போடுங்கள். டம்ளர் கணக்கு வேண்டாம். மாவை அழுத்தி அள்ளினால் ஓர் அளவு, சலித்து அள்ளினால் ஓர் அளவு. ஒரு டம்ளருக்கே கணிசமான வித்தியாசம் வரும். சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று இருந்தால் ரொட்டியில் வரும் தொல்லைகளில் பாதி போய்விடும். நிறுவை இந்த ஊருக்குப் பழைய பழக்கம். சங்கப் பாடல் தொகைகளில் தங்கால் பொற்கொல்லன் வெண்ணாகனார் என்று ஒரு புலவர் இருக்கிறார். தங்கால் என்பது நம் திருத்தங்கல். பொன் நிறுத்த கையால் பாட்டு எழுதியவர் இருந்த ஊர். அதைச் சொல்லிக்கொள்ளும்போது எனக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது.

மைதாவைப் பற்றி ஒரு வார்த்தை. பாக்கெட்டின் பின்பக்கத்தில் புரதம் எவ்வளவு என்று அச்சிட்டிருப்பார்கள். 100 கிராமுக்கு 10, 11 கிராம் இருந்தால் ரொட்டிக்கு நல்லது. 9க்குக் கீழே போனால் பிஸ்கட்டுக்கு ஏற்றது, ரொட்டிக்கு வலு போதாது. முழுக் கோதுமை மாவில் செய்யலாமா என்று எல்லோரும் கேட்பீர்கள். செய்யலாம். ஆனால் தவிடு பசை இழைகளை அறுத்துவிடும், தண்ணீரையும் அதிகம் குடிக்கும். ஆகவே முதலில் 300 மைதா, 100 கோதுமை மாவு என்று தொடங்கி, கை பழகியபின் பாதிக்குப் பாதி போங்கள். தண்ணீரை அதற்கேற்ப இரண்டு மூன்று கரண்டி கூட்டிக்கொள்ள வேண்டும்.

ஈஸ்ட் வாங்கும்போது காலாவதித் தேதியை மட்டும் நம்பாதீர்கள். தகரக் கூரைக் கடையில் கோடை முழுக்க இருந்த பொட்டலம் தேதிக்கு முன்பே செத்திருக்கும். அரை டம்ளர் தண்ணீரில் ஒரு சிட்டிகை சர்க்கரையும் ஈஸ்ட்டும் போட்டு வையுங்கள். பத்து நிமிடத்தில் நுரை கட்டினால் உயிர் இருக்கிறது. பிரித்த பொட்டலத்தைக் காற்று புகாத டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள். சோடா உப்பையோ பேக்கிங் பவுடரையோ ஈஸ்ட்டுக்குப் பதிலாகப் போட முடியாது, அது கேக்குக்கு.

இப்போது சூட்டுக் கணக்குக்கு வருகிறேன். பிசைந்து முடித்த மாவு 25, 26 டிகிரியில் இருந்தால் ரொட்டி நன்றாக வரும். அந்தச் சூட்டில் ஈஸ்ட் நிதானமாக வேலை செய்யும், மணமும் சேரும். 35ஐத் தாண்டினால் ஈஸ்ட் அவசரப்படும். வாயு வேகமாக வரும், பசை வலுப்படுவதற்கு முன்பே மாவு உப்பிவிடும். அடுப்பில் வைக்கும்போது அதற்கு ஏற வலு மிச்சம் இருக்காது. அமுங்கிய ரொட்டி, கள் வாடை எல்லாவற்றுக்கும் மூலம் இதுதான்.

அறைச் சூட்டையும் மாவின் சூட்டையும் நம்மால் பெரிதாக மாற்ற முடியாது. தண்ணீரின் சூட்டை மாற்றலாம். பேக்கரிக்காரர்களின் கணக்கு இது. வேண்டிய 26ஐ மூன்றால் பெருக்குங்கள், 78. அதிலிருந்து அறைச் சூடு 34ஐயும் மாவின் சூடு 34ஐயும் கழித்தால் மிச்சம் 10. கையால் பிசைகிற உராய்வுக்கு இன்னும் இரண்டு மூன்று கழியுங்கள். ஆக, தண்ணீர் 7, 8 டிகிரியில் இருக்க வேண்டும். அது ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த தண்ணீரில் இரண்டு ஐஸ் கட்டி போட்டது. குறிப்பில் வெதுவெதுப்பான தண்ணீர் என்று இருந்த இடத்தில் நமக்கு ஐஸ் தண்ணீர். இதை ஒரு தடவை செய்து பார்த்தாலே வித்தியாசம் கைக்குத் தெரியும். ஐஸ் தண்ணீரில் இன்ஸ்டன்ட் ஈஸ்ட்டை நேராகக் கரைக்க வேண்டாம், குளிர்ச்சியில் அது சுணங்கும். உலர்ந்த மாவில் கலந்துவிட்டுப் பிறகு தண்ணீர் ஊற்றுங்கள்.

நம் ஊருக்கு இன்னொரு குணம் உண்டு. மழை குறைவு, காற்றில் ஈரம் குறைவு. 1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பி வந்து இந்த வட்டாரத்தில் தொடங்கியபோது, தொழில் வேரூன்ற உதவியது இந்த வறண்ட காற்றுதான். குச்சி காய வேண்டும், தாள் காய வேண்டும், மருந்து காய வேண்டும். ரொட்டி மாவு மட்டும் காயக்கூடாது. மூடாமல் வைத்தால் கொஞ்ச நேரத்தில் மேலே தோல் கட்டிவிடும். தோல் கட்டிய மாவு ஏறாமல் விரிசல் விடும். ஆகவே ஈரத்துணி போட்டு மூடுவது இங்கே கட்டாயம்.

அந்த வறட்சியே நமக்கு ஓர் உதவியும் செய்கிறது. ஓர் அகலமான தட்டில் தண்ணீர் ஊற்றி, நடுவில் மாவுப் பாத்திரத்தை வைத்து, பாத்திரத்தைச் சுற்றி ஈரத்துணியைச் சுற்றி, துணியின் முனைகள் தண்ணீரில் தோய்ந்திருக்கும்படி விட்டு, ஃபேனுக்குக் கீழே வையுங்கள். மண்பானைத் தண்ணீர் குளிர்கிற அதே முறைதான். காற்று வறண்டிருப்பதால் துணியிலிருந்து ஈரம் வேகமாகப் போகும், பாத்திரத்தின் சூடும் கூடவே இறங்கும். கடற்கரை ஊர்களில் இது இவ்வளவு நன்றாக வேலை செய்யாது. இங்கே செய்யும்.

பிசைவதைப் பற்றி விருதுநகர் மாவட்டத்துக்காரர்களுக்கு நான் என்ன சொல்ல? எண்ணெய்ப் பரோட்டாவுக்குப் பேர்போன மாவட்டம் இது. பரோட்டா மாஸ்டர் மாவைப் பிசைந்து, எண்ணெய் தடவி, ஈரத்துணி போட்டு ஊற வைத்து, பிறகு எடுத்து வீசும்போது அது கிழியாமல் மெல்லிய படலமாக விரிகிறது. மைதாவில் இருக்கிற இரண்டு புரதங்கள் தண்ணீர் பட்டுச் சேர்ந்து பின்னிக்கொண்ட பசைதான் அப்படி விரிகிறது. ஒன்று நீளக்கூடியது, மற்றது திரும்பச் சுருங்கக்கூடியது. ரொட்டிக்கும் அதே பசைதான். 10, 12 நிமிடம் உள்ளங்கையால் தள்ளி மடித்துப் பிசைந்து, ஒரு துண்டைக் கிள்ளி இரண்டு கையாலும் மெல்ல விரித்துப் பாருங்கள். கிழியாமல் வெளிச்சம் ஊடுருவும் அளவுக்கு விரிந்தால் பிசைந்தது போதும். கிழிந்தால் பத்து நிமிடம் மூடி வைத்துவிட்டு மறுபடி பிசையுங்கள். அந்தப் பத்து நிமிட ஓய்வில் மாவு தானாகவே பாதி வேலையை முடித்திருக்கும். முதலில் கையில் ஒட்டத்தான் செய்யும். அதற்காக மாவைத் தூவிக்கொண்டே போகாதீர்கள். கையில் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள்.

நேரம் என்று ஆரம்பத்தில் சொன்னேன். அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும், ஏனென்றால் கடை ரொட்டிக்கும் வீட்டு ரொட்டிக்கும் உள்ள வேற்றுமை முழுக்க அதில்தான் இருக்கிறது.

மாவின் பசை வலுப்பெற இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, காற்றோடும் ஈஸ்ட்டோடும் மணிக்கணக்கில் கிடந்து தானாக வலுப்பெறுவது. மற்றது, உயிர்வளியை விட்டுக்கொடுக்கிற ஒரு பொருளைச் சேர்த்து அந்த வேலையை அவசரமாக முடிப்பது. இந்த ஊரில் பொட்டாசியம் குளோரேட் என்றால் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. தீக்குச்சித் தலையில் இருப்பது அதுதான். உயிர்வளியைத் தன்னுள் வைத்திருந்து, சமயத்தில் விட்டுக்கொடுக்கிற உப்பு. வெடியுப்பும் அந்த வேலையைத்தான் செய்கிறது. குளோரேட்டின் உடன்பிறப்பு ஒன்று உண்டு, பொட்டாசியம் புரோமேட். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து பல நாடுகளில் ரொட்டி ஆலைகள் அதை மாவில் சேர்த்துவந்தன. பசை சீக்கிரம் இறுகும், ரொட்டி உயரமாக வரும், நிறம் வெளுப்பாக இருக்கும்.

மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக் கூடும் என்ற பட்டியலில் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை அதை வைத்திருக்கிறது. பிரிட்டன் 1990இலேயே தடை செய்துவிட்டது. இந்தியாவில் 2016 மே மாதம் டெல்லியிலுள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 38 ரொட்டி, பன், பாவ் மாதிரிகளைச் சோதித்து, அவற்றில் 84 விழுக்காட்டில் பொட்டாசியம் புரோமேட்டோ அயோடேட்டோ இருப்பதாக அறிவித்தது. அடுத்த மாதமே உணவுப் பாதுகாப்பு ஆணையம் புரோமேட்டை அனுமதிப் பட்டியலிலிருந்து நீக்கியது. இன்றைக்கு அது சட்டப்படி சேர்க்கக் கூடாத பொருள். பேக்கரி வைத்திருப்பவர்களைக் குறை சொல்ல இதை நான் எடுக்கவில்லை. இரவு இரண்டு மணிக்கு எழுந்து மாவு பிசைந்து விடிவதற்குள் கடை கடையாகப் பன் போடுகிற உழைப்பு எனக்குத் தெரியும். நேரம் என்பது தொழிலில் காசு. அந்த நேரத்தைக் குறைக்கத்தான் இத்தனை உபாயமும். 1961இல் இங்கிலாந்தில் சோர்லிவுட் என்ற ஊரில் ஒரு முறை கண்டுபிடித்தார்கள். அதிவேக இயந்திரத்தில் சில நிமிடங்கள் மாவை அடித்து, கூடவே சில பொருள்களைச் சேர்த்து, புளிக்க வைக்கும் நேரத்தை ஏறக்குறைய இல்லாமலே செய்துவிட்டார்கள். பிரிட்டனின் பாக்கெட் ரொட்டியில் பெரும்பங்கு அந்த வழியில் போய்விட்டது.

நம் நாட்டில் அரசாங்கமே ரொட்டி சுட்ட காலமும் உண்டு. 1965இல் ஆஸ்திரேலியாவின் உதவியோடு மாடர்ன் பேக்கரீஸ் என்ற பொதுத்துறை நிறுவனம் தொடங்கியது. பாக்கெட் ரொட்டி நடுத்தரக் குடும்பங்களுக்குள் நுழைந்ததில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. 2000 ஜனவரியில் அதை இந்துஸ்தான் லீவருக்கு விற்றார்கள். ஆலை ரொட்டி நம் வீட்டுக்கு வந்த வழி இது. அதனால் ரொட்டி என்றாலே ஆலையில் பிறப்பது என்ற எண்ணம் நமக்குள் நிலைத்துவிட்டது. கடலுக்கு அந்தப் பக்கம் யாழ்ப்பாணத்தில் பாண் என்கிற ரொட்டியும் சம்பலும் அன்றாடச் சாப்பாடு. அங்கே ஊர்ப் பேக்கரியின் போறணையில், அதாவது ரொட்டி அடுப்பில், சுட்ட பாண் காலையிலும் மாலையிலும் சூடாக வரும். அவர்களுக்கு ரொட்டி காய்ச்சல்காரர் உணவு இல்லை.

வீட்டில் சுடுகிறவருக்கு நேரம் காசில்லை. நாம் உறங்கும்போது மாவு வேலை செய்யட்டும். அமெரிக்காவில் ஜிம் லேஹி என்ற ரொட்டிக்காரரின் முறையை 2006 நவம்பரில் நியூயார்க் டைம்ஸ் வெளியிட்டது. கால் டீஸ்பூன் ஈஸ்ட், தளர்ந்த மாவு, பிசைவதே இல்லை, 18 மணி நேரம் மூடி வைப்பது. உலகமெங்கும் வீடுகளில் அது பரவியது. நம் ஊர்ச் சூட்டில் அந்தப் 18 மணி நேரத்தை அப்படியே எடுத்துக்கொண்டால் மாவு புளித்து நீர்த்துவிடும். நமக்கு ஃபிரிட்ஜ் இருக்கிறது. இரவு ஒன்பது மணிக்கு 2 கிராம் ஈஸ்ட் போட்டுக் குளிர்ந்த தண்ணீரில் பிசையுங்கள். அரை மணி நேரம் வெளியே இருக்கட்டும். பிறகு எண்ணெய் தடவிய டப்பாவில் போட்டு மூடி ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்துவிட்டுப் படுத்துக்கொள்ளுங்கள். மாவு இரு மடங்காகும், டப்பாவில் அதற்கு இடம் வேண்டும். காலையில் எழுந்து பார்த்தால் மெல்ல உப்பி, சின்னச் சின்னக் குமிழ்களோடு, பால் புளித்த மாதிரி இலேசான வாசனையோடு இருக்கும். அந்த வாசனைதான் ருசி. எந்தத் தூளும் அதைத் தராது.

பகலிலேயே செய்வதானால், சித்திரை வெயிலில் 2 கிராம் ஈஸ்ட்டோடு ஒன்றேகால் மணியிலிருந்து ஒன்றரை மணி நேரத்தில் மாவு இரு மடங்காகும். கார்த்திகை மழையில் இன்னும் அரை மணி கூடும். மழைக்காலத்தில் மாவே ஈரத்தை இழுத்திருப்பதால் தண்ணீரில் ஒரு கரண்டி குறைத்துக்கொள்ளுங்கள்.

உப்பிய மாவை மெதுவாக அமுக்கி, கையால் செவ்வகமாகத் தட்டி, பாய் சுருட்டுகிற மாதிரி இறுக்கமாகச் சுருட்டி, ஓரத்தைக் கிள்ளி ஒட்டி, ஒட்டிய பக்கம் கீழே இருக்கும்படி எண்ணெய் தடவிய டின்னில் வையுங்கள். எட்டரை அங்குல நீளம், நாலரை அங்குல அகல டின் இந்த அளவுக்குச் சரி. மறுபடி ஈரத்துணி. மாவு டின் விளிம்புக்கு மேலே ஒரு கட்டைவிரல் அகலம் எழும்பியதும் விரலில் மாவு தொட்டு அழுத்திப் பாருங்கள். குழி உடனே நிமிர்ந்தால் இன்னும் பொறுக்க வேண்டும். மெதுவாக, முக்கால் பங்கு நிமிர்ந்தால் அதுதான் பதம். நிமிரவே இல்லை என்றால் நேரம் கடந்துவிட்டது. பிசைந்து மறுபடி சுருட்டி வையுங்கள், வீணாகாது. கோடையில் இந்தப் பதம் பத்து நிமிடத்தில் வந்து போய்விடும். ஆகவே அடுப்பை முன்கூட்டியே சூடேற்றி வைத்திருப்பது முக்கியம்.

ஓடிஜி என்கிற மின்அடுப்பு இருக்கிறவர்கள் 200 டிகிரியில் 15 நிமிடம் முன்சூடு கொடுத்து, கீழ்த்தட்டில் டின்னை வைத்து, 30 முதல் 35 நிமிடம் சுட வேண்டும். முதல் பத்து நிமிடம் கதவைத் திறக்காதீர்கள். ரொட்டி கடைசியாக ஒரு தடவை எழும்புவது அப்போதுதான். உள்ளிருக்கும் வாயு சூட்டில் விரியும், ஈஸ்ட் சாவதற்கு முன் ஒரு பாய்ச்சல் பாயும். 55, 60 டிகிரியில் ஈஸ்ட் செத்துவிடும். அதற்கு மேல் மாவுச்சத்து நீரை உறிஞ்சி வெந்து, பசை இறுகி, ரொட்டிக்கு உருவம் நிலைக்கும். 1,500 வாட் அடுப்பு ஒரு மணி நேரம் இடைவிடாமல் ஓடினாலும் ஒன்றரை யூனிட்தான். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை என்றைக்கு என்று பேப்பரில் பார்த்துவிட்டு மாவு பிசையுங்கள். அடுப்பில் பாதி வெந்த ரொட்டிக்கு மின்தடை வந்தால் செய்ய ஒன்றுமில்லை.

ஓடிஜி இல்லாதவர்களுக்குக் கனமான பழைய அலுமினிய அண்டா, அல்லது பெரிய குக்கர். குக்கரானால் கேஸ்கெட்டையும் வெயிட்டையும் கட்டாயம் கழற்றிவிடுங்கள், தண்ணீர் ஊற்றக்கூடாது. அடியில் ஓர் அங்குலத்துக்குக் கல்லுப்பைப் பரப்பி, மேலே ஒரு வளையம் வைத்து, மூடிப் பத்துப் பதினைந்து நிமிடம் சூடேற்றி, டின்னை இறக்கி, மிதமான தீயில் 40, 45 நிமிடம். மேற்பக்கம் சிவக்காது, சூடு கீழிருந்து வருவதால். வெந்தபின் தோசைக்கல்லில் நெய் தடவி மேற்பக்கத்தைக் கவிழ்த்துச் சிவக்க வைக்கலாம். இன்னொன்றையும் இந்த வட்டாரத்தில் வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும். வீட்டில் பட்டாசுக்கான திரி, மருந்து, தாள்குழாய் என்று எந்த வேலை நடந்தாலும் அந்த வீட்டில் இந்த நீண்ட நேர அடுப்பு வேலையைத் தொடவே வேண்டாம். உறவுக்காரர் வீட்டில் போய்ச் சுடுங்கள்.

வெந்ததா என்று பார்க்க டின்னிலிருந்து கவிழ்த்து அடிப்பக்கத்தைத் தட்டுங்கள். வெற்றுப் பானையைத் தட்டிய ஓசை வர வேண்டும். பிறகு கம்பித் தட்டில் வைத்து ஒரு மணி நேரமாவது ஆற விடுங்கள். பிள்ளைகள் சூடாகக் கேட்டு நிற்பார்கள், தெரியும். ஆனால் உள்ளே நீராவி இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது, மாவுச்சத்து இறுகிக்கொண்டிருக்கிறது. அப்போது வெட்டினால் கத்தியில் பிசுபிசுவென்று ஒட்டும். வேகவில்லை என்று நினைத்து மனம் நொந்துபோவீர்கள்.

குதிரைவாலி, கம்பு, கேழ்வரகு மாவில் ரொட்டி செய்ய முடியுமா என்று கட்டாயம் யாராவது கேட்பீர்கள். குதிரைவாலி விளைகிற மாவட்டம், கேட்பது நியாயம். சிறுதானியத்தில் அந்தப் பசை கிடையாது. தனியாகச் செய்தால் உப்பாது. மைதாவில் ஐந்தில் ஒரு பங்கு வரை, அதாவது 400 கிராமில் 80 கிராம், கம்பு மாவோ கேழ்வரகு மாவோ சேர்க்கலாம். கம்பு மாவை வெந்நீர் விட்டுக் கிளறி ஆறவைத்துச் சேர்த்தால் ரொட்டி இன்னும் மெத்தென்று வரும், இரண்டாம் நாளும் காயாது. வறுத்த கம்பின் வாசனை ரொட்டியில் ஏறும்போது, எனக்குக் கடைகளில் கிடைக்கிற எந்த ரொட்டியும் அதற்கு ஈடாகத் தோன்றுவதில்லை.

வீட்டு ரொட்டியில் பூசணம் தடுக்கும் மருந்து எதுவும் இல்லை. கோடையில் இரண்டு நாள், மழைக்காலத்தில் ஒன்றரை நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃபிரிட்ஜின் நடுத்தட்டில் வைத்தால் சீக்கிரம் பூசணம் பிடிக்காது, ஆனால் மாவுச்சத்து அந்தக் குளிரில்தான் வேகமாக இறுகும், ரொட்டி வறண்டுபோகும். துண்டு போட்டு, பாலிதீன் பையில் கட்டி, மேலே உறைநிலைப் பெட்டியில் வையுங்கள். வேண்டியபோது எடுத்து நேராகத் தோசைக்கல்லில் போட்டுக்கொள்ளலாம். வெட்டினால் நூல் நூலாக இழுத்து, அழுகிய பழ வாசனை வந்தால், அது வெப்பநாடுகளில் ரொட்டியைத் தாக்கும் ஒரு பாக்டீரியா. அந்த ரொட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டு, டின்னையும் கத்தியையும் வினிகர் விட்டுக் கழுவுங்கள்.

மீந்தது கெடுவதற்கு முன் ரஸ்க்காக்கலாம். அரை அங்குலத் துண்டுகளாக வெட்டி, 150 டிகிரியில் இரண்டு பக்கமும் திருப்பிப் போட்டு 25 நிமிடம் காயவிட்டு, அடுப்பை அணைத்தபின் உள்ளேயே ஆறவிடுங்கள். சூடு முழுக்கப் போனபின் டப்பாவில் போட்டு மூடினால் இரண்டு வாரம் மொறுமொறுப்பாக இருக்கும். நமத்தால் மறுபடி பத்து நிமிடம் சுட்டுக்கொள்ளலாம்.

இனி நீங்கள் கேட்கலாம். வீட்டில் இருக்கிற அடுப்பு எது, டின் எவ்வளவு பெரியது என்று சொல்லிக் கேட்டால், உங்களுக்குப் பொருந்துகிற அளவைச் சொல்ல எனக்கு வசதியாக இருக்கும்.